டாக்டிகல் பை தொல்லை கொடுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வாரநாளில் அலுவலகம், வாரக்கடைசியில் மலை என்று ஒரே பையைச் சுமக்கிறவர்கள் என் நண்பர்களில் நிறைய. யாருடைய பை மக்கர் செய்தாலும் அது என் மேசைக்கு வந்துவிடும். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு விதப் பழுதுகள்தான். அவற்றில் பெரும்பாலானவைக்குப் புதுப் பை தேவையே இல்லை.

கீழே சொல்வது 20 முதல் 30 லிட்டர் கொள்ளளவுள்ள, வெளியே வரிசை வரிசையாகப் பட்டை தைத்த, ராணுவப் பாணி டாக்டிகல் பைகளுக்கு. அந்தப் பட்டைகளில் கோத்து மாட்டும் சின்னப் பைகளைத்தான் பவுச் என்கிறேன். உங்கள் பையின் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கடைக்குப் போக வேண்டியது கடைசியில். எந்தத் தொல்லையாக இருந்தாலும் ஒரு விதி பொது: புதிதாக ஒன்றை மாட்டும் முன், ஏற்கெனவே மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

## தோள் அல்லது கழுத்து வலிக்கிறது

முதலில் எடை. நிரப்பிய பையோடு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு பை இல்லாமல் ஏறுங்கள். தினசரி உபயோகத்துக்கு உங்கள் உடல் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 9 கிலோ. அதைத் தாண்டினால் பையைக் குறை சொல்வதில் பயனில்லை, பொருளைக் குறையுங்கள். அப்படியே காலிப் பையையும் எடை போட்டுப் பாருங்கள். 1000 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) துணியில் தைத்த 25 லிட்டர் பை காலியாகவே ஒன்றரைக் கிலோவைத் தொட்டுவிடும்.

எடை சரி, ஆனாலும் வலிக்கிறது என்றால், எங்கே வலிக்கிறது?

*தோளின் மேற்பகுதியில்:* பட்டையைத் தளர்வாக விட்டு, பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு தோள் பட்டைகளையும் பையின் மேல்விளிம்பு தோள்மட்டத்துக்கு வரும்வரை இழுங்கள். முதுகுக்கும் பைக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடைவெளி இருந்தால் இன்னும் இழுக்க வேண்டும்.

*அக்குள் முன்பக்கத்தில்:* மார்புப் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, அல்லது ரொம்பக் கீழே இருக்கிறது. காறை எலும்புக்குச் சில விரல் கீழே அது நிற்க வேண்டும். மூச்சை இழுத்து விடும்போது தடை தெரியக்கூடாது.

*கழுத்தின் இரு பக்கமும்:* தோள் பட்டைகள் மேலே ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. மார்புப் பட்டையைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். குறைந்தால் மார்புப் பட்டை அவற்றை உள்ளே இழுத்ததுதான் காரணம். குறையாவிட்டால் அந்தப் பையின் வெட்டு உங்கள் தோளுக்கு ஒத்துவரவில்லை. இதைத் தையல்காரராலும் மாற்ற முடியாது.

*கீழ்முதுகில்:* கனமான பொருள் தூரத்தில் இருக்கிறது. தண்ணீர், லேப்டாப், பவர் பேங்க் மூன்றும் முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் உயரத்தில் இருக்க வேண்டும். பலரும் லேப்டாப்பை முதுகுப்பக்கம் வைத்துவிட்டு, இரண்டு லிட்டர் தண்ணீரை முன் பாக்கெட்டில் வைக்கிறார்கள். இரண்டு கிலோ முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அடுக்கியதும் சரி என்றால் பையின் முதுகு மடிகிறதா பாருங்கள். எடை குறைப்பதற்காக உள்ளே தகடு வைக்காமலே சில பைகள் வருகின்றன. நிரப்பியதும் பை உருண்டையாகப் புடைத்து முதுகில் உருளும். தண்ணீர்ப் பை வைக்கும் அறையின் அளவுக்கு ஒரு சன்பேக் ஷீட்டை (உள்ளே குழாய் குழாயாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, ஓரத்தில் டேப் ஒட்டிச் செருகுங்கள். ஷீட்டுக்குள் ஓடும் குழாய்கள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் மடங்கிவிடும். விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் துண்டு மிச்சம் கிடைக்கும்.

அடுத்து தோள் பட்டையின் ஃபோம். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள். பள்ளம் உடனே எழவில்லையென்றால் ஃபோம் செத்துவிட்டது. பை தைப்பவரிடம் கொடுத்து 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஈவிஏ என்ற கெட்டி ஃபோம் மாற்றச் சொல்லலாம். மெத்தை ஃபோம் வைக்க விடாதீர்கள், அது சீக்கிரமே தட்டையாகிவிடும்.

இடுப்புப் பட்டை பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது. இந்த அளவுப் பைகளில் வரும் மெல்லிய பட்டை சுமையைத் தாங்காது, ஆட்டத்தைத்தான் நிறுத்தும். பத்துக் கிலோவுக்கு மேல் வழக்கமாகத் தூக்குகிறவருக்குத் தகடும் மெத்தை வைத்த இடுப்புப் பட்டையும் உள்ள பைதான் தீர்வு. அப்போது உங்கள் முதுகு நீளத்தை அளந்துகொண்டு போங்கள். தலையைக் குனிந்தால் பிடரியில் முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரம் வரை டேப் பிடிக்க வேண்டும். ஆளின் உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது.

மருத்துவரிடம் போக வேண்டிய இடம்: பையைக் கழற்றிய பிறகும் கையோ விரலோ மரத்திருந்தால், கையைப் பக்கவாட்டில் தூக்கப் பலமில்லையென்றால், ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு புடைத்துத் தெரிந்தால், பையைச் சரிசெய்வதை விட்டுவிடுங்கள். பட்டை அழுத்தித் தோள் நரம்புகள் பாதிக்கப்படுவது சுமை தூக்கி நடக்கும் ராணுவ வீரர்களிடம் நன்கு அறியப்பட்ட பிரச்சினை. அந்தக் கையில் சுமை ஏற்றாமல் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

## நடக்கும்போது பவுச் ஆடுகிறது, தொங்குகிறது

அமெரிக்க ராணுவம் 1990களின் இறுதியில் கொண்டுவந்த, பவுச்சுகளைப் பையில் கோத்து மாட்டும் மோலி (MOLLE) முறைதான் இந்தப் பட்டை வரிசைகளுக்கு மூலம். பட்டையின் அகலம் 25 மில்லிமீட்டர், இரு பட்டைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி, குறுக்கே 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையல். இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கோத்த விதம் சரியா? என் மேசைக்கு வருகிற ஆடும் பவுச்சுகளில் அதிகம் இந்த வகைதான். பவுச்சின் நீளப் பட்டையைப் பையின் வரிசைகளுக்குள் மட்டும் நேராக மேலிருந்து கீழே விட்டு, அடியில் பொத்தான் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் பவுச் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டுமே பிடித்துக்கொண்டு நடுவில் விலகி நிற்கும். பின்ன வேண்டும். பையின் முதல் வரிசைக்குள் ஒருமுறை, அடுத்து பவுச்சின் முதுகில் தைத்திருக்கும் வரிசைக்குள் ஒருமுறை, மறுபடி பையின் இரண்டாவது வரிசைக்குள் என்று மாறி மாறிப் போகவேண்டும். பையின் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பவுச்சின் பட்டை வந்து உட்காரும், அதனால்தான் இரண்டும் ஒரே அளவு. சரியாகப் பின்னியிருந்தால் பவுச்சைப் பிடித்து இழுத்தால் பை முழுக்கச் சேர்ந்து வரும். கடைசியில் நுனியைச் செருகக் கஷ்டமாக இருந்தால் ஸ்பூன் காம்பால் தள்ளுங்கள்.

பின்னியும் ஆடுகிறது: டேப் எடுத்துக் குறுக்குத் தையல்களை அளந்து பாருங்கள். மலிவுப் பைகளில் 38க்குப் பதில் 45, 50 என்று இருக்கும், பட்டையும் தொளதொளவென்று இருக்கும். அந்தப் பையில் எந்த நல்ல பவுச்சும் இறுகாது. லேசான பவுச்சை மட்டும் மாட்டி, கனத்தை உள்ளே கொண்டுபோங்கள்.

அளவும் சரி, ஆனாலும் ஆடுகிறது: பவுச்சில் என்ன வைத்திருக்கிறீர்கள்? முன்முகத்தில் கால் கிலோவுக்கு மேல் எதையும் தொங்கவிட வேண்டாம் என்பது என் கணிப்பு. முதலுதவிப் பொருட்கள், கையுறை, மழைக்கோட்டு போதும். தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் பக்கவாட்டில், முதுகுக்கு நெருக்கமான வரிசையில், இரு பக்கமும் சமமாக. பக்கவாட்டில் உள்ள இறுக்கும் பட்டையைப் பவுச்சுக்கு மேலே சுற்றிப் போட்டு இழுத்தால் ஆட்டம் இன்னும் அடங்கும்.

வரிசையின் தையலே பிய்ந்திருந்தால் பை தைப்பவரிடம்தான் போக வேண்டும். ஒரே இடத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய கெட்டித் தையல் கேளுங்கள். பட்டை தைக்காமல் லேசரில் துளை வெட்டிய பைகளில் துளையின் ஓரம் கிழிந்தால் தைத்துச் சரியாக்குவது கடினம். உள்ளே துணி வைத்து ஒட்டுப் போட்டு, அந்தத் துளையை இனிமேல் உபயோகிக்காமல் விடுவது உத்தமம்.

## தோள் பட்டை தானாக வழுகி நீள்கிறது

முதலில் பட்டை பக்கிளுக்குள் சரியான திசையில் போகிறதா பாருங்கள். துவைத்தபின் கழற்றி மாட்டியவர்களுக்குத் திசை மாறியிருக்கும். நுனியை இழுத்தால் இறுக வேண்டும், பக்கிளின் உதட்டைத் தூக்கினால்தான் தளர வேண்டும்.

திசை சரியென்றால் பட்டையில் வியர்வை உப்பும் அழுக்கும் படிந்து வழவழப்பாகியிருக்கலாம். வெந்நீரும் பழைய டூத் பிரஷும் போதும். அதற்கும் மசியவில்லையென்றால் பக்கிளின் பல் தேய்ந்துவிட்டது. மாற்றுப் பக்கிள் வாங்கும் முன் பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 20, 25 அல்லது 38 மில்லிமீட்டர். குறுக்குக் கம்பியில் வெட்டு விட்ட பக்கிள் என்று ஒன்று கிடைக்கிறது, தையலைப் பிரிக்காமலே பட்டையை அதற்குள் நுழைத்துவிடலாம். பூட்டும் பக்கிள் உடைந்தாலும் இதே வகைதான். மலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கூடவே வைத்திருங்கள்.

## ஜிப் தொல்லை

### மூடுகிறது, ஆனால் பின்னாலேயே பிளந்துகொள்கிறது

பல் போய்விட்டது என்று நினைத்து முழு ஜிப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். பெரும்பாலும் தேய்ந்தது ரன்னர்தான். எந்த ரன்னர் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. இந்தப் பைகளில் இரண்டு ரன்னர்கள் எதிரெதிரே பார்த்திருக்கும். இரண்டையும் இடக்கோடிக்குத் தள்ளுங்கள், முழு ஜிப்பையும் வலது ரன்னர் ஒன்றே மூடியிருக்கும். பிளந்தால் குற்றவாளி அது. பிறகு இரண்டையும் வலக்கோடிக்குத் தள்ளுங்கள், இப்போது இடது ரன்னரின் வேலை தெரியும். ஒன்று நன்றாக இருந்தால் அதை வைத்தே பயணத்தை முடித்துவிடலாம்.

தேய்ந்த ரன்னருக்குச் சின்னக் குறடு போதும். மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே, ஜிப் துணி போகிற இடுக்கு இரு பக்கமும் இருக்கும். பற்கள் சேர்ந்து வெளியே வருகிற பின்முனையில், அந்த இடுக்கை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை லேசாக அழுத்துங்கள். ஓட்டிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் ஒரு முடியளவு. ஒரேயடியாக அழுத்தினால் வார்ப்பு உலோகம் பட்டென்று உடையும், இல்லையென்றால் ரன்னர் நகராது.

அழுத்தியும் பயனில்லையென்றால் ரன்னரை மட்டும் மாற்றுங்கள். அதன் முதுகில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும், அதே எண்ணும் அதே வகையும் வேண்டும். சுருள் பல்லுக்கான ரன்னர் தனித்தனி பிளாஸ்டிக் பல்லுக்குச் சேராது. ஜிப்பின் ஒரு முனைத் தையலைப் பிரித்து ஏற்ற வேண்டியிருப்பதால், கைத்தையல் வராதவர்கள் ஜிப் மாற்றும் கடையில் கொடுத்துவிடலாம். சில நிமிட வேலை.

### நகர மறுக்கிறது

உள்துணி கடித்திருந்தால் ரன்னரைப் பின்னால் இழுத்தபடி துணியைப் பக்கவாட்டில் உருவுங்கள். மண்ணும் உப்பும் என்றால் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்தபின் மெழுகுவர்த்தியைப் பல் மீது தேய்த்து ஓட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அந்த நேரத்துக்கு வழுக்கும், அப்புறம் தூசியெல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கடற்கரைக்குப் போய்வந்த பை என்றால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுவது அவசியம்.

### பல் உடைந்துவிட்டது

முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும். பெட்டிபோல் விரியத் திறக்கும் பைகளில் உள்ளோர நாடாவைப் பிரித்துத் தைக்க வேண்டியிருப்பதால் கூலி அதிகமாகும். கொடுப்பதென்றால் பிரதான அறைக்கு 8 அல்லது 10 எண் ஜிப் போடச் சொல்லுங்கள். இனிமேல் மூடும் முன் இறுக்கும் பட்டைகளைத் தளர்த்தி, பையைக் கையால் அமுக்கிவிட்டு ஓட்டுங்கள். வளைவு மூலைகளில் ரன்னரை இழுத்து மூடுவதுதான் பல்லைக் கொல்கிறது.

## மழையில் உள்ளே நனைகிறது

துணியில் பூச்சு இருந்தாலும் ஜிப்பிலும் ஊசித் துளைகளிலும் நீர் இறங்கும். எங்கே என்று அறிய, உள்ளே செய்தித்தாளை விரித்து, குளியலறையில் ஒவ்வொரு பக்கமாக ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். தாள் எங்கே ஈரமாகிறதோ அதுதான் வழி.

ஐப்பசி மழைக்கு நான் நம்புவது உள்உறை. தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருளை வைத்து, வாயை முறுக்கிச் செருகிவிடுங்கள். வெளியே போடும் மழையுறை முதுகுப்பக்கத்தை மூடாது, முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியே இறங்கும். பவுச் மாட்டியிருந்தால் அது சரியாக உட்காரவும் உட்காராது.

தையல் வழியாக மட்டும் கசிந்தால், பூச்சுள்ள உள்பக்கத்தில் தையல் பசை தடவலாம். பாலியுரேத்தேன் பூச்சுக்குப் பாலியுரேத்தேன் பசை, சிலிக்கோன் பூச்சுக்குச் சிலிக்கோன் பசை. மாற்றித் தடவினால் உரிந்துவிடும். அடியில் உள்ள சின்ன வளையத் துளையைத் தயவுசெய்து அடைக்காதீர்கள், உள்ளே புகுந்த நீர் வெளியேற வைத்தது அது.

## உள்பக்கம் பிசுபிசுக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது, நாறுகிறது

பாலியுரேத்தேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைகிறது. பாலித்தீன் உறையில் கட்டிப் பரணில் போட்டு வைத்த பைகளுக்கு இது சீக்கிரம் வரும், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இன்னும் சீக்கிரம்.

வெறும் நாற்றம், கருப்புப் புள்ளி என்றால் பூஞ்சை. வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, கழுவி, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நைலான் வலுவிழக்கும்.

பிசுபிசுப்பு ஒரு பகுதியில் மட்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, துணியை அப்படியே உபயோகிக்கலாம். மழைக்கு உள்உறை இருக்கிறது. பை முழுக்கப் பரவிவிட்டால் எந்தக் கடையிலும் இதைப் புதுப்பித்துத் தர மாட்டார்கள். காசைச் செலவழிக்காதீர்கள்.

## தோள் பட்டையின் வேரில் தையல் விடுகிறது

இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். சரிவான பாதையில் ஒரு பட்டை அறுந்தால் ஆள் விழுவார்.

பையை ஒரு கையால் பிடித்து, மறுகையால் பட்டையை வேரிலிருந்து இழுத்துப் பாருங்கள். நூல் மட்டும் விட்டிருக்கிறதா, துணியே பிரிந்திருக்கிறதா? நூல் மட்டும் என்றால் மறுதையல் போதும். துணி நூல் நூலாக விலகியிருந்தால் பழைய துளையிலேயே தைக்க விடாதீர்கள், தபால்தலை போல அந்தக் கோட்டிலேயே கிழியும். உள்ளே கெட்டி நைலான் துணி ஒட்டுக் கொடுத்து, அதையும் சேர்த்துச் சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாக ஓட்டச் சொல்லுங்கள்.

சட்டை தைப்பவரிடம் கொடுக்க வேண்டாம், அந்த மெஷினுக்கு இத்தனை அடுக்குத் துணி தாங்காது. செருப்பு, பை, வண்டி சீட் தைப்பவர்களிடம் தடித்த ஊசியும் நைலான் நூலும் இருக்கும். பருத்தி நூல் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

## வெல்க்ரோ பிடிக்கவில்லை

கொக்கிப் பக்கத்தில் நூலும் முடியும் அடைத்திருக்கும். பேன் சீப்பால் வாரி எடுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் கொக்கிப் பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

## எதைச் செய்தும் பை கனக்கிறது

பவுச்சுகளை எல்லாம் கழற்றியும், பொருளைக் குறைத்தும் கனம் தெரிந்தால், இப்போது வேறு பை பார்க்கலாம். 25 லிட்டர் அளவில் காலி எடை ஒரு கிலோவுக்குள் இருப்பதைத் தேடுங்கள். 500 டெனியர் நைலான் தினசரி உபயோகத்துக்குத் தாராளம். 1000 டெனியர் பாறையில் இழுபடுகிற பைக்கு வேண்டியது. பட்டை தைத்ததைவிட லேசரில் வெட்டிய முகப்பு எடை குறைவு. அறைகள் குறைவாக இருந்தால் எடையும் குறையும். ஐந்து அறையுள்ள பை ஒழுங்காகத் தெரிந்தாலும் அந்த ஜிப்புகளும் தடுப்புத் துணிகளும் நீங்கள் தினமும் சுமப்பவைதான்.

கடைக்கு உங்கள் பொருட்களையே எடுத்துப்போய் நிரப்பி, கால் மணி நேரம் நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். விமானத்தில் போகிறவர்கள் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உள்நாட்டு விமானங்களில் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ, 55 சென்டிமீட்டர் நீளம் என்பதுதான் வரம்பு, பவுச் மாட்டினால் தடிமன் தாண்டிவிடும். நிறம் கருப்போ சாம்பலோ கரும்பச்சையோ வெறுமையாக இருக்கட்டும். இந்திய ராணுவம் தன் புதிய உருமறைப்பு வடிவத்தை 2022இல் பதிவு செய்து உரிமை வாங்கியிருக்கிறது, அதைப் போன்ற பையோடு போய்ச் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு முதல் மாதம் ஒன்றையும் மாட்டாதீர்கள். எந்தப் பொருளுக்காகத் தினமும் பையைத் திறந்து துழாவுகிறீர்கள் என்று பாருங்கள். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஒரு பவுச் வாங்குங்கள்.